லோனியின் டிரிக்னாமெட்ரி புத்தகத்தில் கையெழுத்து, அசல்தானா?

நெய்தல்வாசி:
திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் எஸ். எல். லோனியின் 'பிளேன் டிரிக்னாமெட்ரி' கிடைத்தது. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் வெளியீடு, முதல் பதிப்பு இல்லை, அப்புறம் வந்த மறு அச்சு. முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் ராமபாணப்பூச்சி அரித்திருக்கிறது. முன்னால் உள்ள வெற்றுத் தாளில் ஒரு ஆங்கிலேயப் பெண்ணின் பெயர், கீழே 'எஸ். எல். லோனி அளித்தது' என்று ஆங்கிலத்தில் மசியால் எழுதி 1901 என்று போட்டிருக்கிறது. இது அவரே போட்ட கையெழுத்தா? அவர் எங்கே பாடம் நடத்தினார்? விற்றால் ஏதாவது தேறுமா?

பழம்புத்தகம்:
முதலில் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சடித்த கையெழுத்தென்றால் கோடு முழுக்க ஒரே கனமாக இருக்கும், பேனா எழுத்தில் அழுத்திய இடம் தடித்தும் தூக்கிய இடம் மெலிந்தும் தெரியும். அந்தக் கால மசி பெரும்பாலும் இரும்புச் சத்து கலந்தது, நூறு வருஷத்தில் பழுப்பேறிவிடும், சில சமயம் தாளின் பின்பக்கமும் கசிந்திருக்கும். முக்கியமாக, பெண்ணின் பெயரும் கையெழுத்தும் ஒரே கைதானா என்று பாருங்கள். வேறு கையென்றால், பெயர் மட்டும் பிற்பாடு வாங்கியவர் எழுதியதாக இருக்கலாம்.

கணக்குவாத்தியார்:
லோனி 1860இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜ் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் படித்து 1882 கணிதத் தேர்வில் மூன்றாவது ராங்லராக, அதாவது முதல் வகுப்பில் மூன்றாம் இடத்தில், வந்தார். அந்தக் கல்லூரியிலேயே ஃபெல்லோ ஆனார். ஆனால் பேராசிரியராக வேலை பார்த்தது சர்ரே மாவட்டத்து எகாம் ஊரில் இருக்கும் ராயல் ஹாலோவே கல்லூரியில். மாத்திரையும் களிம்பும் விற்றுப் பணக்காரரான தாமஸ் ஹாலோவே கட்டியது, 1886இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார், முழுக்க முழுக்கப் பெண்கள் கல்லூரி. இளநிலைப் படிப்பில் ஆண்களைச் சேர்த்ததே 1965இல்தான். இந்தப் புத்தகத்தின் 1893 முகவுரையின் கீழேயும் அந்தக் கல்லூரி முகவரிதான் இருக்கும், பாருங்கள். அதனால் பெண்ணின் பெயர் இருப்பது ரொம்பப் பொருத்தம், அவர் மாணவியாகவே இருந்திருக்கலாம். அப்போது கேம்பிரிட்ஜில் பெண்கள் பரீட்சை எழுதலாம், பட்டம் கிடையாது. அது 1948 வரை இழுத்தது. லண்டன் பல்கலைக்கழகமோ 1878லேயே கதவைத் திறந்துவிட்டது, லோனியின் மாணவிகள் பெரும்பாலும் எழுதியது அந்தத் தேர்வுகளைத்தான். இன்றைக்கு நம் ஊரில் ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு இதே புத்தகத்தைப் பிழிந்தெடுக்கும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

காவிரிக்கரை:
ராமானுஜனை விட்டுவிட்டீர்களே சார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது இரவல் வாங்கிப் படித்து முடித்த புத்தகம் இது. பெயரைப் பார்த்துப் பள்ளிக்கூட டிரிக்னாமெட்ரி என்று நினைத்துவிடக் கூடாது, இரண்டாம் பாகத்தில் சிக்கலெண்களின் மடக்கை, முடிவிலாத் தொடர், முடிவிலாப் பெருக்கல் எல்லாம் வரும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனுக்கு இது போதாதா? லோனிதான் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தார் என்று சிலர் பேசுவது மட்டும் சரியில்லை. ராமானுஜன் இங்கிலாந்து போனதே 1914இல், அதுவும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியிடம்.

நெய்தல்வாசி:
பார்த்துவிட்டேன். மசி பழுப்புதான், பின்பக்கம் லேசாக ஊறியிருக்கிறது, பெயரும் கையெழுத்தும் ஒரே கை போலத்தான் தெரிகிறது. இரண்டாம் பாகம் முழுக்க ஓரங்களில் பென்சில் குறிப்புகள், அது வேறு கை, சில கணக்குகளுக்குப் புத்தகத்தில் இருப்பதைவிடச் சுருக்கமான வழி போட்டிருக்கிறார்கள். இது எப்படி சென்னை வந்து சேர்ந்தது என்றுதான் புரியவில்லை.

பழம்புத்தகம்:
அப்படியென்றால் அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சென்னைக்கு வந்த வழியை ஊகிக்கலாம், அவ்வளவுதான். 1914இல் ராணி மேரி கல்லூரியும் 1915இல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் ஆரம்பித்தபோது இங்கிலாந்தில் படித்த பெண்கள் இங்கே பாடம் நடத்த வந்தார்கள். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல் முதல்வர் எலினார் மக்டூகலே லண்டன் வெஸ்ட்ஃபீல்ட் கல்லூரியிலிருந்து வந்தவர்தான். உங்கள் புத்தகத்தில் பெயர் இருக்கும் பெண்ணும் அப்படி வந்தாரா என்று தெரிய வேண்டுமானால், அந்தத் தாளைப் படமெடுத்து ராயல் ஹாலோவே ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள், பழைய மாணவிகளின் பெயரைத் தேடித்தரச் சொல்லிக் கேட்கலாம். விலையைப் பற்றி: லோனி புத்தகங்கள் ஏராளமாக அச்சானவை, கையெழுத்து இருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. பென்சில் குறிப்பை அழித்துச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அவரிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், என் கணக்கில் கையெழுத்தைவிட அந்தக் குறிப்புகளுக்குத்தான் மதிப்பு.

காவிரிக்கரை:
அந்தச் சுருக்கு வழிகளில் ஒன்றிரண்டைப் படமெடுத்து இங்கே போடுங்களேன்.