விலங்குப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது பாடமா, பொழுதுபோக்கா?

சுண்ணக்கட்டி:
இரண்டாம் வகுப்புக்கு விலங்குகள் பாடம் எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் யானை, மயில், புலி என்று அச்சிட்ட படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வது வழக்கம். இதெல்லாம் வேண்டாம், நேரம் வீண் என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆறு ஏழு வயதில் விரல்கள் இன்னும் பழகியிருக்காது. க்ரேயானை எவ்வளவு அழுத்துவது, ஓரம் வந்ததும் எப்படி நிதானிப்பது என்பதெல்லாம் எழுதுவதற்கும் உதவும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெற்றுத்தாள்:
விரல் பழகக் களிமண் இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது, மணி கோர்ப்பது இருக்கிறது. நான் கேட்பது வேறு. அந்தத் தாளை முடித்த பிள்ளைக்கு யானையைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது? சாம்பல் நிறம் என்பது முன்பே தெரியும். கலைக்கல்வியில் பெரிய பெயரான விக்டர் லோவன்ஃபெல்ட் 1940களிலேயே இத்தகைய படங்களை எதிர்த்தார். பெரியவர்கள் போட்ட கோட்டையே நிரப்பிப் பழகிய பிள்ளை, தானாக வரையச் சொன்னால் எனக்கு வராது என்று ஒதுங்கிவிடும் என்பது அவர் வாதம். வெற்றுத்தாளைக் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று.

சுண்ணக்கட்டி:
வரையவே தயங்கும் பிள்ளைக்கு வெற்றுத்தாளைக் கொடுத்தால் அது அழத்தான் செய்யும். அச்சிட்ட படம் இருந்தால் அதுவும் எல்லோருடனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்கும்.

எட்டுக்கால்:
நடுவில் வருகிறேன், நான் அறிவியல் எடுப்பவன். எனக்குப் படத்தோடுதான் சண்டை. இணையத்தில் இறக்கும் படங்களில் ஆறு கால் சிலந்தியைப் பார்த்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சிக்குக் கண் இமை, உதட்டுச்சாயம்! பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்று காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டு மதியம் இதைக் கொடுத்தால் பிள்ளை எதை நம்பும்?

ஆனால் படம் சரியாக இருந்தால், நிறம்தான் அறிவியலுக்குள் நுழைய நல்ல வாசல். நான் மயிலைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஆண், பெண் இரண்டையும் ஒரே தாளில் கொடுப்பேன், பக்கத்தில் புகைப்படமும் இருக்கும். ஏன் சார் இது மட்டும் மண் நிறம் என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. முட்டையிட்டுத் தரையில் அடைகாப்பது பெண் மயில். பளபளவென்று இருந்தால் எதிரி கண்ணில் படும் என்பதை நான் சொல்வதற்குள் இரண்டு பேர் ஊகித்துவிடுவார்கள்.

பூநாரை அதைவிட சுவாரசியம். குஞ்சு சாம்பல் நிறம். தின்னும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிகளால்தான் வளர வளரச் சிவக்கிறது. குஞ்சையும் தாயையும் அடுத்தடுத்துத் தீட்டிய பிள்ளை அதை மறப்பதில்லை. அப்புறம் அந்துப்பூச்சி விளையாட்டு: வெற்று உருவத்தைக் கத்தரித்து, வகுப்பறையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தின் நிறத்தையே தீட்டி ஒட்ட வேண்டும். மற்றவர்கள் தேடுவார்கள். உருமறைப்பை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியாது.

வெற்றுத்தாள்:
அருமை. ஆனால் இதில் வேலை செய்வது உங்கள் கேள்வியும் புகைப்படமும்தான். தாளுக்கு ஏன் பெருமை கொடுக்கிறீர்கள்? பெண் மயிலை அவர்களே பார்த்து வரைந்தாலும் அதே கேள்வி வரும்.

எட்டுக்கால்:
வரும், ஆனால் அந்தப் பாடவேளைக்குள் வராது. பாதி நேரம் கழுத்தை அழித்து அழித்துப் போடுவதிலேயே போய்விடும். அன்றைய பாடம் நிறம் என்றால் உருவத்தை நான் கொடுத்துவிடுவேன். பாடம் உருவமே என்றால், உதாரணமாக ஆப்பிரிக்க யானைக்கும் ஆசிய யானைக்கும் காது எப்படி வேறுபடுகிறது என்றால், அவர்கள்தான் வரைய வேண்டும். அங்கே உங்கள் பக்கம்தான் நான்.

மழலைப்பட்டறை:
யாரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லையே. கோடு தாண்டாத தாளுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அதுதான் என் கோபம். ஊதா யானைக்குச் சிவப்பு மையில் வட்டம் வேறு. கற்பனையாகத் தீட்டச் சொன்னீர்களா, பார்த்துத் தீட்டச் சொன்னீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். இன்னொன்று, புலியைப் பச்சையாகத் தீட்டிய பையன் விளையாட்டுக்குச் செய்திருக்க மாட்டான். சிவப்பையும் பச்சையையும் எளிதில் பிரித்தறிய முடியாத நிறக்குறைபாடு ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். பலருக்குப் பள்ளி வயது வரை யாரும் கவனிப்பதில்லை. ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் திட்டாமல் பெற்றோரிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். க்ரேயானில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் அவனும் தடுமாற மாட்டான்.

சுண்ணக்கட்டி:
பெயர் ஒட்டுவது நல்ல யோசனை, நாளைக்கே செய்துவிடலாம். எட்டுக்கால் சார், மயில் தாள் எடுத்துக்கொள்கிறேன். வெற்றுத்தாள், உங்களுக்காக ஒரு சமரசம்: வரிக்குதிரையின் உருவம் மட்டும் அச்சில் இருக்கும், வரிகளைப் பிள்ளைகள் போடட்டும். ஒரு வரிக்குதிரையின் வரி இன்னொன்றுக்கு இருக்காது என்பதால் முப்பது பேரும் முப்பது விதமாகப் போட்டாலும் சரிதான்.

வெற்றுத்தாள்:
சமரசத்தில் பாதிக்குத்தான் சம்மதம். அடுத்த வகுப்பில் அதே வரிக்குதிரையை அச்சே இல்லாமல் வரையச் சொல்வீர்களா?

சுண்ணக்கட்டி:
கேட்டுப் பார்க்கிறேன். அழுதால் உங்களைத்தான் கூப்பிடுவேன்.