ஐந்து சட்டை, மூன்று பேண்ட்: தைப்பதா, ரெடிமேடா?

கேள்வி: ஆபீஸ், கல்யாணம் இரண்டுக்கும் ஒத்துவர, பத்து உருப்படிக்குள் துணி சேர்க்கணும். சென்னை வெயில். எப்படி எடுக்கலாம்?

பதில் 1: சட்டையில் வெள்ளை இரண்டு, வெளிர்நீலம் இரண்டு, மெல்லிய கோடு ஒன்று. பேண்ட் கருநீலம், சாம்பல், காக்கி. எதோடும் எது சேரும். கறுப்புக் காட்டன் பேண்ட் மட்டும் வேண்டாம், முழங்காலும் ஓரமும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பதில் 2: தைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குல அகலத்தில் 1.60 மீட்டர், 36 அங்குலத்தில் 2.25 முதல் 2.50. சுத்தக் காட்டனை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துக் கொடுங்கள். விட்டால் முதல் சலவையிலேயே கை ஏறி, காலர் இறுகிவிடும். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பு முனையில் நிற்கணும். காலர் பட்டன் போட்ட பிறகும் இரண்டு விரல் நுழையணும். இடுப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். தோளைத் திருத்துவது பெரும்பாடு.

பதில் 3: கல்யாணத்துக்கு எட்டு முழ வேட்டி ஒன்று போதும். கஞ்சியோடு மாதக்கணக்கில் மடித்து வைக்காதீங்க. மடிப்பில் இழை முறியும், பூச்சி அரிக்கும். அலசி வைத்து, உடுத்துவதற்கு முன் கஞ்சி போடுங்க.

கேட்டவர்: வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சளாகுதே?

பதில் 2: வியர்வையடக்கியில் உள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்வதுதான் பெரும்பாலும் காரணம். பூசியது நன்றாக உலர்ந்த பிறகு சட்டை போடுங்கள். கழற்றிய அன்றே அலசுங்கள். குளோரின் ப்ளீச் மட்டும் வேண்டாம், மஞ்சள் இன்னும் கூடும்.