ஞாயிறு டியூட்டியும் ஆராதனையும்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்வாசி:

கோலாலம்பூரில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் எனக்கு செக்யூரிட்டி கார்ட் வேலை. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, ஞாயிறும் சேர்த்து. இரண்டு வருடமாக ஆலயத்துக்குப் போகவில்லை. சபையாட்கள் யாராவது எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். ஒருநாள் மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் சபை மூப்பர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன். “என்ன தம்பி, பின்வாங்கிட்டீங்களா?” என்றார், விசுவாசத்தையே விட்டுவிட்டேனா என்கிற அர்த்தத்தில். தே தாரிக் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணி. ஆலயத்தில் முதல் பாட்டு தொடங்கும் நேரம். கார்ட் அறையில் நின்றபடியே பரமண்டல ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணை மூட முடியாது, கேட்டைப் பார்க்க வேண்டுமே. இரண்டு வரி தாண்டுவதற்குள் ஒரு கார். தடுப்பைத் தூக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மறுபடி கார். மூன்றாவது தடவை ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ வரைக்கும் வந்துவிட்டேன், சாப்பாடு கொண்டுவரும் பையன் ஹாரன் அடிக்கிறான்! சிரித்துவிட்டேன். வீட்டு நம்பரை எழுதிக்கொண்டு அவனை உள்ளே விட்டேன். இந்தத் தடவை முதலுக்குப் போகாமல், விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தேன். ஏனோ மனசு லேசானது. ஒரு ஜெபத்துக்கு இருபது நிமிடம். ஆலயத்தில் அதையே அரை நிமிடத்தில் முடிப்பேன், மனசு மட்டும் காரை எங்கே நிறுத்தினோம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

அக்கரைப் பெண், பட்டர்வொர்த்:

அண்ணே, எங்கள் பாட்டி கதையைச் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர். பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஃபாதர் எப்போதாவதுதான் வருவாராம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு மர நிரையில் இறங்கிவிட வேண்டும். கையெல்லாம் பால் பிசுக்கு, செபமாலையைத் தொட முடியாது. அதனால் மரத்தையே மணியாக்கிக்கொண்டார். ஒரு மரம் சீவிப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை வைத்தால், மாதாவிடம் சொல்லும் அருள் நிறை மந்திரம் ஒன்று. பத்து மரம் ஆனதும் ஒரு பரலோக மந்திரம், நீங்கள் சொன்ன அதே பரமண்டல ஜெபம்தான். “என் மாலையிலே மணி கணக்கில்லாம இருந்துச்சுடி” என்பார்.

தோட்டம் கைமாறி நாங்கள் ஃபிளாட்டுக்கு வந்த பிறகு அவருக்கு மரமில்லை. கொஞ்ச நாள் தவித்துப்போனார். அப்புறம் பார்த்தால் காலையில் சன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு சன்னலுக்கு எட்டுப் பட்டைதான். மீதி இரண்டுக்குப் பக்கத்துச் சன்னலுக்கு நகர்வார். கோயிலே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாள் வந்தால் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அவர் கோயிலுக்குக் கூட்டிப்போகாதவனைச் சும்மா விடமாட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமா:

தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் சபையும் கைப்பேசிக்குள் போனது. நான் தனி ஆள். இரண்டாவது வாரமே பிரசங்கத்தை ஓடவிட்டுச் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ‘இருதயத்தில் ஆராதிக்கிறேன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது அத்தனையும் சாக்கு. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை எப்படிப் போனில் எடுப்பது? கதவு திறந்த முதல் ஞாயிறு, பின் பெஞ்சு அக்கா வழக்கம்போல் சுருதி விலகிக் கீர்த்தனை பாடினார். வருடக்கணக்காக என்னை எரிச்சல்படுத்திய குரல். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

எங்கே ஆராதித்தால் என்ன என்பதற்கு எல்லாரும் பைபிளில் யோவான் சுவிசேஷம் 4-ஆம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்கள். எங்கள் முன்னோர் தொழுதது இந்த மலையில், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள் என்று சமாரியப் பெண் சொன்னாள். மலை என்றால் கெரிசீம். இரண்டும் இல்லை, ஆவியோடும் உண்மையோடும் தொழவேண்டும் என்றார் இயேசு. சரி. அதோடு நிறுத்திவிடுகிறோமே, அவள் அப்புறம் என்ன செய்தாள்? குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு, ஊருக்குள் போய் ஜனங்களைக் கூப்பிட்டாள். பைபிளில் வரும் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கட்டடம் இல்லாமல்தான் சபை நடத்தினார்கள். ஆனால் வீட்டில் ஆட்களைக் கூட்டிவைத்து நடத்தினார்கள்.

அந்த மூப்பர் பேசியது தப்பு. ஏன் வரவில்லை என்று கேட்காமல் பின்வாங்கிட்டீங்களா என்று கேட்கக் கூடாது.

செந்தூல்வாசி:

மாமா, கோபமெல்லாம் இல்லை. குடத்தை வைத்துவிட்டுப் போனதை நான் யோசித்ததே இல்லை.

என்னோடு நிற்கிற நேபாளி நண்பரிடம் பேசினேன். வரும் ஞாயிறு அவர் எனக்காக நிற்கிறார். பதிலுக்கு அவருடைய தசைன் பண்டிகைக்கு நான் இரண்டு நாள் டபுள் ஷிப்ட். எந்தச் சபைக்குப் போவது என்றுதான் தெரியவில்லை. உங்கள் பின் பெஞ்சில் இடம் இருக்கிறதா?