மழையில் சாய்ந்து அழுகும் தொட்டி நாற்றுகள்: உதவி தேவை

முற்றத்துச் செடி:
அனைவருக்கும் வணக்கம். பின்புறச் சிறுமுற்றத்தில் தொட்டிகளில் போட்ட விதைகள் முளைத்து இரண்டு இலை விட்டதும் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பேறி, நூலாக மெலிந்து போகிறது. மழையும் விட்டபாடில்லை. தெரிந்தவர்கள் விரைவில் வழி சொல்லுங்கள்.

கீரைப்பாத்தி:
எந்த ஊர், என்ன விதை, தொட்டியின் ஆழம் எவ்வளவு, அடியில் துளை உண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். சென்னை ஐப்பசி மழைக்குச் சொல்லும் மருந்து எல்லா ஊர் மழைக்கும் பொருந்தாது.

வேம்படி:
மண்ணில் நோய் இருக்கிறது. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்து விடுங்கள். என் அனுபவத்தில் இது கைவிட்டதே இல்லை.

முற்றத்துச் செடி:
ஊர் கனடாவின் வான்கூவர். ஏப்ரல் தொடக்கத்தில் வெந்தயம், பசலை (ஸ்பினாச்), பட்டாணி, தக்காளி ஆகியவற்றை விதைத்தேன். தொட்டிகளில் துளை உண்டு; சிமெண்டுத் தரையில் வைத்திருக்கிறேன். ஊரில் அம்மா செய்வதுபோல அடியில் கூழாங்கல் பரப்பி, மேலே தோட்டத்து மண்ணை நிரப்பினேன்.

பழைய உழவன்:
இதே கேள்விக்குப் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். புதியவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். இது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற நுண்ணுயிரிகள் குளிர்ந்து நீர் தேங்கிய மண்ணில் இளந்தண்டைத் தாக்குவதால் வருவது. தோட்டத்து மண் தொட்டியில் இறுகிக் காற்றை அடைத்துவிடும். கூழாங்கல்லாலும் பயனில்லை: மேலேயுள்ள நுண்மண் முழுதும் நனைந்து நிறையும் வரை நீர் கல்லுக்குள் இறங்காது என்பதால், ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் நெருங்கி வருகிறது.

கீரைப்பாத்தி:
துளைமேல் ஓட்டுச்சில் வைப்பது நம் மாடித்தோட்டங்களில் காலங்காலமாக நடப்பது. அதையும் தவறு என்கிறீர்களா, ஐயா?

பழைய உழவன்:
ஒரு சில்லு மண் வழிந்தோடாமல் காக்கும். அவ்வளவுதான், வடிகாலைக் கூட்டாது. நனைந்த பஞ்சைக் கிடையாகப் பிடித்துவிட்டு நிமிர்த்திப் பாருங்கள், மேலும் நீர் சொட்டும். தொட்டியும் அப்படித்தான், உயரம் கூடினால் நீர் கூடுதலாக வடியும்; கல் வைத்து ஆழத்தைக் குறைக்காமல், அடிவரை தொட்டிக்கான மண்கலவையால் நிரப்புவதே நல்லது.

வேம்படி:
புண்ணாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

கீரைப்பாத்தி:
குளிர்ந்த மண்ணில் அது மக்குவதற்கே நாளாகும், அண்ணா. தேங்கிய நீரை அது வடிக்கவும் செய்யாது. முற்றத்துச் செடிக்கு என் யோசனை இது: தென்னைநார்க் கலவையோடு பெர்லைட் (மண்ணை இளக்கும் இலேசான வெண்கல் துகள்) சேர்த்துப் புதிதாக நிரப்பி, தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி, விதைத்தவற்றை இறவாரத்தின் கீழ் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடுவதானால் பக்கங்களைத் திறந்தே விடுங்கள், காற்றோட்டம் இல்லாவிட்டால் அழுகல் கூடும். சுமார் 5 டிகிரி செல்சியஸிலேயே பட்டாணியும் பசலையும் மெல்ல முளைக்கும். முள்ளங்கியும் குளிரைத் தாங்கும். தக்காளியை வீட்டுக்குள் முளைக்க வைத்து, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத மே பிற்பகுதியில் வெளியே கொண்டு வாருங்கள். அதன் பிறகும் இலை நனையாத இடமே அதற்கு ஏற்றது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழிக்கத் தொடங்கிய அதே கருகல் நோய் தக்காளியையும் தாக்கும். ஈர இலையில்தான் அது பரவுகிறது.

பழைய உழவன்:
செங்கல்லின் அடிப்பக்கத்தை மாலையில் பார்க்கச் சொல்லுங்கள். ஓடில்லா நத்தைகள் பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாற்று மறைந்துபோனால் அது நத்தை, சாய்ந்து கிடந்தால் அழுகல்.

முற்றத்துச் செடி:
தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றியதும் தரையோடு ஒட்டியிருந்த துளைகளிலிருந்து கலங்கிய நீர் நெடுநேரம் வடிந்தது. கலவையை மாற்றி மறுபடி விதைத்ததில் பட்டாணி நேராக நிற்கிறது. வெந்தயத்தை மே மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.