தாதியருக்கான பாதுகாப்பு அங்கிகள் தைக்கத் துணி தேவை

அன்பிற்குரிய குழும உறவுகளுக்கு வணக்கம்.

இந்தக் கொரோனாத் தொற்றுக் காலத்தில், கல்முனைப் பக்கத்து வைத்தியசாலையொன்றில் காய்ச்சலோடு வருபவர்களை முதலில் அணுகும் தாதியரும் சிற்றூழியரும், ஒருமுறை அணிந்ததும் அகற்றவேண்டிய அங்கியைக் கழுவி உலர்த்தி மறுநாளும் அணிகிறார்கள் என்று அங்கு பணிபுரியும் என் தங்கை சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை.

மருதமுனையிலும் காரைதீவிலும் தையல் தெரிந்த பெண்கள் சிலர், ஊரடங்கு வேளையில் வீட்டிலிருந்தே கூலியின்றித் தைத்துத்தர முன்வந்திருக்கிறார்கள். இல்லாதது துணிதான். மருதமுனைக் கைத்தறித் துணி எவ்வளவு நேர்த்தியானது என்றாலும், பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இதற்கு உதவாது. மேற்புறம் பிளாஸ்டிக் படலம் பூசிய, நெய்யப்படாத பொலிபுரொப்பிலீன் துணியே வேண்டும். பைகள் தைக்கும் மெல்லிய ரகம் போதாது. ஊசித்துளைகளின் வழியே திரவம் கசியக்கூடுமாதலால் மூட்டுகளின் மேல் ஒட்டுவதற்கு நீர்புகா நாடாவும் தேவை. காத்தான்குடி, மட்டக்களப்புத் துணி வியாபாரிகளை அறிந்தவர்கள் தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள்.

என்95 முகக்கவசத்தை நாங்கள் தைக்க முயலவில்லை. 0.3 மைக்ரோன் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் வடிகட்டியை வீட்டில் உருவாக்க முடியாது. ஆனால் மரவேலைக்கோ வண்ணப்பூச்சுக்கோ வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருப்பவர்கள், மூச்சு வெளியேறும் வால்வு இல்லாதவையாயின், அவற்றைத் தந்துதவுங்கள்.

மாதிரி அங்கியைப் பொறுப்பு வைத்தியரிடம் காட்டி அனுமதி பெற்ற பின்னரே மற்றவற்றைத் தைப்போம். பணம் அனுப்பவேண்டாம், பொருளாகத் தர இயன்றவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.