கடை ஆளை நிறுத்த எத்தனை நாள் நோட்டீஸ்? அவசரம்

குடந்தைக்காரன் (2024 செப்டம்பர்)
கடையில் ஒருவரை நிறுத்த வேண்டும். சரக்கு குறைகிறது, அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினால் போதுமா? நாளைக்கே முடிக்க வேண்டும்.

காவிரிக்கரை
என்ன கடை, எத்தனை பேர், அவர் எத்தனை வருடமாக இருக்கிறார்? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி அண்ணே?

பனியன் கம்பெனி
ரொம்ப யோசிக்காதீர்கள். ராஜினாமா எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் ஆள் சேரும்போதே தேதி போடாமல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வோம். இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

பழைய கணக்குப்பிள்ளை
இதே கேள்விக்கு இங்கே நூறு தரம் பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கத்தான் ஆள் இல்லை. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். "நம்பிக்கை போய்விட்டது" சாட்சியம் ஆகாது தம்பி. பனியன்காரர் யோசனையைக் கேட்டால் அவரோடு சேர்ந்து நீங்களும் கோர்ட் படி ஏறுவீர்கள்.

காவிரிக்கரை
திட்டாமலும் சொல்லலாம் ஐயா.

குடந்தைக்காரன்
பாத்திரக்கடை. 23 பேர். இவர் ஸ்டாக் ரூம், ஆறு வருடம், சம்பளம் 18,000. பித்தளைக் குத்துவிளக்கு 11 குறைகிறது. சாவி இவரிடமும் என் மச்சானிடமும்தான். அப்புறம், நேற்று ராத்திரியே "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

பழைய கணக்குப்பிள்ளை
அதை முதலில் அல்லவா சொல்ல வேண்டும்!

ஹெச்ஆர் அக்கா
சார், அந்த மெசேஜை வைத்தே அவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு போகலாம். முதலில் அதை எழுத்தில் ரத்து செய்து ஆளைக் கூப்பிடுங்கள். பிறகு மெமோ: எந்தத் தேதி இருப்புக் கணக்கு, எத்தனை விளக்கு, எவ்வளவு எடை என்று குறிப்பாக. விளக்கம் எழுத அவகாசம் கொடுங்கள். திருப்தி இல்லையென்றால் உள்விசாரணை. நடத்துபவர் வெளியாளாக இருக்கட்டும். சாவி வைத்திருக்கும் மச்சான் கூடவே கூடாது, அவரே சாட்சி. உங்கள் சாட்சிகளை அந்த ஆள் கேள்வி கேட்க விட வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். கடைசியில் அனுப்பினாலும், சும்மா சந்தேகத்தில் கிராஜுவிட்டியில் (பணிக்கொடையில்) கைவைக்க முடியாது. 18,000 அடிப்படைச் சம்பளம் என்றால், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் ஆறு வருடத்துக்குச் சுமார் 62,308 ரூபாய்.

பனியன் கம்பெனி
எதுவானாலும் தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். போனஸாவது மிச்சம்.

ஹெச்ஆர் அக்கா
மிச்சமாகாது. போனஸ் மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு. அதில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே உண்டு. திருட்டு, மோசடி போன்றவற்றுக்காக நீக்கப்பட்டால்தான் போகும்.

பனியன் கம்பெனி
எங்கள் அப்பா காலத்தில் வேட்டி, துண்டு, ஸ்வீட் பெட்டிதான் போனஸ். வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

காவிரிக்கரை
வேட்டி உங்கள் பிரியம். குறைந்தது 8.33 சதவீத போனஸ் என்பது சட்டம்.

பனியன் கம்பெனி
பத்துப் பேருக்குச் சம்பளம் போட்டுப் பாருங்கள், அப்புறம் சட்டம் பேசலாம்.

காவிரிக்கரை
நான் சம்பளம் வாங்குகிற பக்கம் அண்ணே. தீபாவளிக்கு முதல் நாள் கணக்குப் பார்த்து அனுப்பப்பட்டவனும்கூட.

பழைய கணக்குப்பிள்ளை
தலைப்புக்கு வாருங்கள். தம்பி, அந்த 11 விளக்கை யார் எண்ணியது?

குடந்தைக்காரன்
மச்சான்தான் எண்ணினார். ஆளை வரச் சொல்லிவிட்டேன். நாளைக்கு இரண்டு பேரையும் வைத்து மறுபடி எண்ணுகிறோம். நன்றி.

ஹெச்ஆர் அக்கா (2024 நவம்பர்)
சார், எண்ணிக்கை என்ன ஆயிற்று?