மாமாவின் மறதிக்குக் கஞ்சாதான் காரணமா?

குலசேகரத்து மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு 71 வயது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் பால் வெட்டினவர். இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் வெயில் ஏறும்போதுதான் வீடு. இருபத்தைந்து வயதில் ஆரம்பித்தது, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பீடி, உள்ளே கஞ்சா. வீட்டில் அதற்குப் பேர் ‘மருந்து’. குடியில்லை, சண்டையில்லை. அதனால் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இந்த ஒரு வருடமாக மறதி. கஞ்சி குடித்துக் கை கழுவிய ஈரம் காயவில்லை, “மக்ளே, இன்னும் கஞ்சி எடுக்கலியா?” என்கிறார். போன மாதம் திருவட்டாறு கோயிலுக்குச் சைக்கிளில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். சைக்கிள் எங்கே என்றால், “எந்த சைக்கிள்?”

நாற்பத்தாறு வருடப் புகை மூளையை அரித்துவிட்டது என்கிறார் என் வீட்டுக்காரர். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்கிறார் நாத்தனார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாலும் கஞ்சாவைப் பற்றி வாயைத் திறக்காதே, போலீஸ் வரும் என்கிறார்கள் இரண்டு பேருமே. எதை நம்ப?

கடியபட்டணத்தான்:
இதில் என்ன சந்தேகம் தங்கச்சி? உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. நியூசிலாந்தில் டுனெடின் என்று ஓர் ஊர். 1972, 73இல் அங்கே பிறந்த 1037 பிள்ளைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். 45 வயதில் சோதித்தபோது, நீண்ட காலம் கஞ்சா பிடித்தவர்களுக்குச் சின்ன வயதில் இருந்த ஐ.க்யூவில் சராசரியாக 5.5 புள்ளி போயிருந்தது. புதிதாகக் கற்பது, சட்டென்று புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் பின்தங்கினார்கள். நினைவைச் சேர்த்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் சிறுத்திருந்தது. 2022இல் வெளியான ஆய்வு. 45லேயே இந்தக் கதி என்றால் 71ஐ யோசித்துப் பாருங்கள்.

என் கூடக் கடலுக்கு வந்த ஒருவன் கண்ணெதிரே வீணாய்ப் போனதைப் பார்த்தவன் நான். எனக்கு ஆய்வே தேவையில்லை.

வேளிமலைக் காற்று:
ஆய்வே தேவையில்லை என்று ஆய்வைச் சொல்லிவிட்டுச் சொல்கிறீர்களே அண்ணாச்சி.

சரி, நானும் ஒன்று சொல்கிறேன். டென்மார்க்கில் 5162 ஆண்கள். இருபது வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது எழுதிய அறிவுத் தேர்வையே, சராசரியாக 44 வருடம் கழித்து மறுபடி எழுத வைத்தார்கள். கஞ்சா பழக்கம் இருந்தவர்களுக்கு அறிவுச் சரிவு மற்றவர்களைவிட 1.3 புள்ளி குறைவு! 2024இல் வந்தது. 2017இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் கிழட்டு எலிகளுக்குக் கஞ்சாவின் சாரமான டி.எச்.சியைக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். இளம் எலி மாதிரி வழியை நினைவில் வைத்து ஓடின. சித்த வைத்தியத்தில் சுத்தி செய்து லேகியத்தில் சேர்க்கிற மூலிகையை, 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும் விஷம் என்று மாற்றிவிட்டோம். பெரியவரை நிம்மதியாக விடுங்கள்.

வடசேரிக் கணக்கு:
நாற்பது வருடம் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவன். விடைத்தாள் திருத்தாவிட்டால் தூக்கம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டென்மார்க். 64 வயதில் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்து தேர்வு எழுதக்கூடியவர்கள் யார்? செத்தவர்கள் வரவில்லை. படுக்கையில் கிடப்பவர்கள் வரவில்லை. வந்தவர்களில் பலர் இளமையில் கொஞ்ச நாள் பழகி விட்டுவிட்டவர்கள். 1.3 புள்ளி என்பது அன்றாட வாழ்க்கையில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ‘பழகியவர்களுக்கு அதிகமாகக் கெடவில்லை’ என்று அதிலிருந்து சொல்லலாம். ‘காப்பாற்றியது’ என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்த எலி. அதற்கு யாரும் பீடி சுருட்டிக் கொடுக்கவில்லை. தோலுக்கடியில் குட்டி பம்ப் வைத்து 28 நாள் சொட்டுச் சொட்டாகச் சுத்தமான சாரம் ஏற்றினார்கள். அதே ஆய்வில் இளம் எலிகளுக்கு அதே மருந்து நினைவைக் கெடுத்தது. தம்பி அதை வசதியாக விட்டுவிட்டார்.

டுனெடினும் முழு மதிப்பெண் வாங்காது. அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பலர் பதின்வயதில் தொடங்கி, வாரத்தில் பல நாள் பிடித்தவர்கள். ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தது உண்மை, ஆனால் அறிவு குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வாளர்களாலேயே காட்ட முடியவில்லை. 2016இல் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒருவன் பிடித்தவன், கூடப் பிறந்தவன் தொடாதவன். ஐ.க்யூ சரிவில் இருவருக்கும் வித்தியாசமில்லை. அப்படியானால் குடும்பச் சூழலுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது இருபது வயதுதான், முதுமையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பெரியவரின் நிலைமைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது அமெரிக்காவில் நாலு நகரங்களில் 25 வருடம் நடந்த ஆய்வு. 15 சொற்களை வாசித்துக் காட்டி, நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தினமும் பிடிக்கும் பழக்கம் ஐந்து வருடம் கூடுவதற்கு, இரண்டு பேரில் ஒருவருக்கு ஒரு சொல் குறைந்தது. அவ்வளவுதான். ஆனால் நாற்பத்தாறு வருடத்துக்கு அதை அப்படியே பெருக்கிவிடாதீர்கள், அந்த ஆய்வு நடுவயதோடு நின்றுவிட்டது.

கடியபட்டணத்தான்:
கணக்கு சார், கனடாவை விட்டுவிட்டீர்களே. ஒன்டாரியோ மாகாணத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட அறுபது லட்சம் பேருடைய ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்தார்கள். கஞ்சாவால் அவசரப் பிரிவுக்கோ வார்டுக்கோ வந்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு ஐந்து வருடத்துக்குள் டிமென்ஷியா என்ற மறதி நோய். பொதுமக்களில் 1.3 பேருக்குத்தான். நாலு மடங்கு வித்தியாசம்! 2025இல் வந்தது. இதற்கும் ஓட்டை கண்டுபிடிப்பீர்களா?

வடசேரிக் கணக்கு:
நடுவில் ஓர் எண்ணை விழுங்கிவிட்டீர்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவாவது அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் அது 3.6. ஒப்பிட வேண்டியது 3.6ஓடுதான். வயது, மற்ற நோய்களையெல்லாம் கழித்தால் மிஞ்சும் வித்தியாசம் 23 சதவீதம். அதுவும் சின்ன எண்ணில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எது முந்தியது? டிமென்ஷியா தொடங்குகிறபோதே தூக்கம் போகும், பதற்றம் வரும். அதற்காகக் கஞ்சாவை எடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். மழை பெய்ததால் குடை பிடித்தானா, குடை பிடித்ததால் மழை பெய்ததா?

வேளிமலைக் காற்று:
அப்படிப் போடுங்கள் சார்! இன்னொன்றும் உண்டு. லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் டிமென்ஷியாவுக்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியல் போட்டது. கஞ்சா அதில் இல்லை. குடி இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் ஊற்றிக் கொடுக்கிறவர்கள் பெரியவருடைய ஒரு பீடியைப் பற்றிப் பேசலாமா?

கோட்டாறு செவிலி:
தம்பி, அந்தப் பட்டியலில் புகையிலையும் இருக்கிறது. கஞ்சாவை எதில் சுருட்டுகிறார்? பீடியில். நாற்பத்தாறு வருடமும் புகையிலையும் சேர்த்துத்தான் உள்ளே போயிருக்கிறது. பட்டியலில் இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, போதுமான அளவு ஆராயவில்லை என்றும் இருக்கலாம்.

அவசரப் பிரிவு, முதியோர் வார்டு எல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இவ்வளவு நேரமாக நியூசிலாந்து, டென்மார்க், கனடா எல்லாம் சுற்றி வந்துவிட்டீர்கள். குலசேகரத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. அந்த மனுஷனுக்குக் காது கேட்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

மருமகளே, இதற்கெல்லாம் பதில் சொல்லு. கூப்பிட்டால் ஒரு தடவையில் திரும்புகிறாரா? சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை? பிரஷர்? இந்த ஒரு வருடத்தில் எங்காவது வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதா? பெட்டிக்கடையிலோ மெடிக்கலிலோ தூக்க மாத்திரை, சளி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? வீட்டில் அவரோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறதா?

குலசேகரத்து மருமகள்:
அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். சர்க்கரை பதினோரு வருடமாக உண்டு, மெட்ஃபார்மின் தினமும் இரண்டு. டி.வியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பார், காது மந்தம் என்று நாங்கள் நினைக்கவில்லை, பிடிவாதம் என்று நினைத்தோம். விழவில்லை. அத்தை போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு பகல் முழுக்கத் திண்ணையில் தனியாகத்தான்.

கோட்டாறு செவிலி:
பார்த்தாயா. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரக்கும். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். காது கேட்காவிட்டால் சொன்னது மண்டைக்குள்ளேயே போகாது. போகாததை எப்படி நினைவில் வைப்பார்? துணை போன துக்கமும் மறதி வேஷத்தில் வரும். இவற்றில் பாதி, ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அதற்காகக் கஞ்சாவைச் சும்மா விடச் சொல்லவில்லை. டி.எச்.சி போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் ஹிப்போகாம்பஸில் நிறைய உண்டு. பிடித்த ராத்திரி நடந்தது பதியாது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. கொழுப்பில் தங்கும் பொருள், தினமும் பிடிப்பவர் உடம்பை விட்டு முழுசாக வெளியேற வாரக்கணக்கில் ஆகும். வயசானவர்களுக்கு எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தள்ளாட்டம் வரும். நான் அதிகம் பயப்படுவது அந்த விழுகையைத்தான்.

போலீஸ் பயம் வேண்டாம். டாக்டரிடம் ஒளிக்காதே. அடிமைப்பட்டவர் அரசு அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், பயன்படுத்தியதற்காக வழக்கில் மாட்டாமல் இருக்க அந்த 1985 சட்டத்திலேயே 64ஏ என்று பிரிவு இருக்கிறது. நீ சொல்லாவிட்டால் டாக்டர் தூக்க மாத்திரை எழுதிவிடுவார், அந்த மயக்கம் கஞ்சா மயக்கத்தின் மேல் ஏறும். திடீரென்று பீடியைப் பிடுங்கவும் செய்யாதே. முதல் வாரம் தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, எரிந்து விழுவார். அதைப் பார்த்து மறதி முற்றிவிட்டது என்று நீங்கள் பதறுவீர்கள். பேசத் தோன்றினால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி, 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடியபட்டணத்தான்:
அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் ‘எல்லாவற்றையும் பார்க்கலாம்’ என்று பேசிப் பேசியே இந்தச் சனியனுக்கு மரியாதை கொடுக்கிறோம். இங்கே வாசிக்கிற பதினெட்டு வயதுக்காரன் ‘டென்மார்க்கில் நல்லது என்கிறார்கள்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவான்.

வேளிமலைக் காற்று:
பதினெட்டு வயதுக்காரன் தொடக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்தான் அண்ணாச்சி. முன்பு பெரியவர்கள் பிடித்த சரக்கும் இன்றைக்கு ஓடுவதும் ஒன்றில்லை. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் டி.எச்.சி 1995இல் 4 சதவீதம், 2014இல் 12. எழுபது வயதுக்காரரையும் பதினெட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

குலசேகரத்து மருமகள்:
பத்து நாள் கழித்து வருகிறேன். கூட்டிப் போனோம். கஞ்சா பற்றி நானே சொன்னேன், என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, “தினமும் எத்தனை?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

மூன்று சொல் சொன்னார்: மாம்பழம், வண்டி, ஆறு. கடிகாரம் வரையச் சொன்னார். மாமா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களை எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கிவிட்டார். அப்புறம் அந்த மூன்று சொல் என்ன என்றார். “வண்டி” என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, டாக்டரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “மட்டிப்பழம்” என்றார்.

உங்கள் தோட்டத்தில் எத்தனை மரம் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு. எந்த வரிசையில் எந்த மரம் பட்டுப் போனது, எதன் பட்டையில் கத்தி ஆழமாகப் பட்டது, எந்தச் சிரட்டையை அணில் கடித்தது வரைக்கும் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

பி12 ரொம்பக் குறைவு. இரண்டு காதிலும் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்தார்கள். ஊசியும் மாத்திரையும் தொடங்கியிருக்கிறது, மூன்று மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி பார்க்கலாம் என்றார். கஞ்சாவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று கேட்டேன். “இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, மெதுவாகக் குறைக்கலாம்” என்றார்.

கடியபட்டணத்தான்:
குறைக்கத்தானே சொன்னார். நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

வேளிமலைக் காற்று:
பி12 என்றுதானே வந்தது. நானும்தான் சொன்னேன்.

வடசேரிக் கணக்கு:
நீங்கள் இருவரும் பி12 என்ற எழுத்தையே எழுதவில்லை. இப்போதுதான் மேலே ஏறித் தேடிப் பார்த்தேன்.

கோட்டாறு செவிலி:
மருமகளே, ராத்திரி எப்படி இருக்கிறார்? பீடி கேட்கிறாரா?

குலசேகரத்து மருமகள்:
இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் கொடுக்கிறோம் அக்கா. இன்றைக்குக் கொடுக்காத நாள். டி.வி சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால், “மக்ளே, மருந்து எங்க?” என்றார். எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டுத் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.